கரண்டா, டிரைவரா? திடீர் திடீரென வரும் நீலத்திரையின் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முழு வழி

ரங்கூனில் வேலை நடுவே கம்ப்யூட்டர் அணைந்தால் எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது மின்விசிறியைத்தான். அது நின்றிருந்தால் கரண்ட் போயிருக்கிறது. அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே திரை மட்டும் நீலமாகி, ஒரு சோக முகத்தைக் காட்டிவிட்டு, கம்ப்யூட்டர் தானாக மறுபடி எழுந்தால் அது வேறு வியாதி. பெரும்பாலும் டிரைவர் வியாதி, அதாவது வைஃபை, ஆடியோ போன்ற சாதனங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளின் வியாதி. (விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025-இல் இந்தத் திரையைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள். நிறம்தான் மாறியது, வியாதி அதேதான்.)

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடும், பிறகு மறுபடி நீலம். காரணம் எளிது. பழைய விண்டோஸில் இருந்த அதே கெட்ட டிரைவர், அதே பென்டிரைவில் இருக்கும் டிரைவர் மூட்டையிலிருந்து புதிய விண்டோஸிலும் ஏறியிருக்கும். எந்த டிரைவர் விழுந்தது என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள், எதையும் ஏற்றாதீர்கள். விழுந்த டிரைவரின் பெயரை விண்டோஸே எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு டிரைவர் ஏன் முழுக் கம்ப்யூட்டரையும் கவிழ்க்கிறது? வேர்ட், குரோம் போன்ற செயலிகள் தங்களுக்கு ஒதுக்கிய நினைவகத்துக்குள் மட்டும்தான் நடமாட முடியும். அவை தவறு செய்தால் அந்தச் செயலி மட்டும் மூடும். வைஃபை, கிராஃபிக்ஸ், ஆடியோ டிரைவர்களில் பெரும்பாலானவை விண்டோஸின் உட்கருவான கர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. அங்கே ஒரு டிரைவர் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதிவிட்டால், வேறு எதெல்லாம் கெட்டது என்று விண்டோஸுக்குத் தெரியாது. உங்கள் கோப்புகள் பாழாகாமல் இருக்க, எல்லாவற்றையும் உடனே நிறுத்திவிடுகிறது. நீலத்திரை வருவது அந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

முதல் வேலை: கரண்டா, நீலத்திரையா?

நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது கம்ப்யூட்டர் அணைந்து எழுந்திருந்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். முறை வைத்துக் கரண்ட் விடும் ஊரில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போவது வீண்.

விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் எழுத்தை அழுத்தி, வரும் பட்டியலில் ஈவென்ட் வியூவரைத் திறங்கள். இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் ஃபில்டர் கரன்ட் லாக் என்பதைத் தட்டி, ஈவென்ட் ஐடி கட்டத்தில் 41 என்று எழுதுங்கள். கர்னல்-பவர் என்ற பெயரில் சிவப்புக் குறியோடு வரிகள் வரும். ஒன்றைத் திறந்து டீட்டெயில்ஸ் பக்கத்துக்குப் போனால் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். கவனிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

அதில் 0 இருந்தால், பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கிறது அல்லது கம்ப்யூட்டர் உறைந்துபோய் யாரோ அணைத்திருக்கிறார்கள். அதே பட்டியலில் பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் 0 அல்லாத பெரிய எண் இருந்தால், பவர் பட்டனை நெடுநேரம் அழுத்தி அணைத்தார்கள் என்று பொருள். பக்செக்கோடில் 0 அல்லாமல் 209, 159 என்று ஏதாவது எண் இருந்தால், அது உண்மையான நீலத்திரை.

எல்லாமே 0 என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கு அதிகம் உதவாது. யுபிஎஸ், ஸ்டெபிலைசர், இன்வர்ட்டரிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் நொடி, லேப்டாப்பின் செத்த பேட்டரி, இவற்றைப் பாருங்கள்.

நாள்வாரியாகப் பார்க்க இன்னொரு நல்ல இடமும் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் ரிலயபிலிட்டி என்று தேடினால் வியூ ரிலயபிலிட்டி ஹிஸ்டரி வரும். எந்த நாளில் என்ன ஏற்றினீர்கள், எந்த நாளில் விழத் தொடங்கியது என்பது ஒரே படத்தில் தெரியும். முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய இரண்டு நாள்களில் ஏறியது எது என்று பாருங்கள். பல நேரம் குற்றவாளி அங்கேயே அகப்படுவான்.

சாட்சியத்தைக் காப்பாற்றுங்கள்

நீலத்திரை வரும் நொடியில் விண்டோஸ் ஒரு டம்ப் கோப்பை, அதாவது விழுந்தபோது நினைவகத்தில் இருந்ததன் பதிவை, எழுதுகிறது. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற கோப்புறையில் அது இருக்கும். கோப்புறையே இல்லை என்றால் அமைப்பைச் சரிபாருங்கள்:

1. ஸ்டார்ட் மெனுவில் வியூ அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடித் திறங்கள்.
2. ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரி பகுதியில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்கள்.
3. ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.
4. ரைட் டீபக்கிங் இன்ஃபர்மேஷன் என்பதில் ஸ்மால் மெமரி டம்ப் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
5. அதே ஜன்னலின் பர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸில், அட்வான்ஸ்ட் பக்கத்தில் விர்ச்சுவல் மெமரியைத் திறந்து, பேஜிங் ஃபைலை (ரேமுக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய கோப்பு) விண்டோஸே நிர்வகிக்கும்படி விடுங்கள்.

ஐந்தாவது படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். டம்ப், முதலில் சி டிரைவில் உள்ள பேஜிங் ஃபைலில்தான் எழுதப்படுகிறது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்தியிருந்தால், நூறு முறை விழுந்தாலும் ஒரு டம்ப் கிடைக்காது. குப்பை நீக்கும் மென்பொருள்களும் டம்புகளைத் துடைத்துவிடும். காரணம் பிடிபடும் வரை அவற்றை ஓட்டாதீர்கள்.

எண் என்ன சொல்கிறது

ஈவென்ட் வியூவரில் கிடைத்த எண் பதின்ம முறையில் இருக்கும். நீலத்திரையில் வருவது எழுத்து கலந்த பதினாறின் முறை. இரண்டும் ஒன்றுதான்.

209, திரையில் டி1: டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். டிரைவர் கோளாறில் அதிகம் காண்பது இதுதான். அவசர நிலையில் ஓடும் டிரைவர், வட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்ட நினைவகப் பக்கம் ஒன்றைத் தொடுகிறது. அந்த நிலையில் வட்டிலிருந்து பக்கத்தைத் திரும்ப எடுத்து வர விண்டோஸால் முடியாது. அல்லது டிரைவர் கையில் இருப்பதே செல்லாத முகவரி. வைஃபை, லேன், விபிஎன் டிரைவர்களை முதலில் சந்தேகப்படுங்கள். எண் 10 இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அதில் ரேம் கோளாறுக்கும் இடமுண்டு.

159, திரையில் 9எஃப்: டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். லேப்டாப் தூங்கும்போதோ விழிக்கும்போதோ ஒரு சாதனம் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது. மூடியை மூடித் திறந்ததும் விழுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

278, திரையில் 116: வீடியோ டிடிஆர். கிராஃபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் தரவில்லை என்றால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டமைக்கப் பார்க்கும். அதுவும் தோற்றால் நீலம். டிரைவரைப் போலவே வெப்பமும் காரணமாகலாம்.

307, திரையில் 133: டிபிசி வாட்ச்டாக். ஏதோ ஒரு டிரைவர் பிராசஸரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஸ்எஸ்டி கண்ட்ரோலர் டிரைவரையும் வைஃபை டிரைவரையும் பாருங்கள்.

80, திரையில் 50: இல்லாத நினைவகப் பக்கத்தைத் தேடியது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் விமான நிலையங்களையும் வங்கிகளையும் நிறுத்திய கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருள் கோளாறில் பல கம்ப்யூட்டர்கள் காட்டியது இதைத்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஏறும் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழித்ததும் எழுந்தன. விண்டோஸை மாற்றிப் போட வேண்டிய தேவை இல்லை. இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த எண் வந்தால் முதலில் ஒன்றை நீக்குங்கள்.

292, திரையில் 124 என்றால் டிரைவரைத் துரத்தாதீர்கள். பிராசஸரே வன்பொருள் பிழையைப் புகார் செய்திருக்கிறது. 26, அதாவது 1ஏ, என்றால் ரேமைச் சோதித்த பிறகே டிரைவரிடம் வாருங்கள்.

டம்பைத் திறந்து பெயரைப் படித்தல்

இணையம் மெதுவான இடத்தில் புளூஸ்கிரீன்வியூ என்ற இலவசக் கருவி போதும். நிர்சாஃப்ட் தருவது, ஒரு எம்பி கூட இல்லை, இணையம் இல்லாமலே ஓடும். நல்ல இணைப்பு இருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கும் வின்டிபிஜி இன்னும் நுணுக்கமாகச் சொல்லும். அதில் டம்பைத் திறந்து அனலைஸ் கட்டளையை ஓட்டி, மாட்யூல் நேம் என்ற வரியில் உள்ள பெயரைத் தட்டினால், பெரும்பாலும் டிரைவரின் தேதி வரை தெரியும்.

கோவில் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் ஒரு டிடிபி கடையை எடுத்துக்கொள்வோம். கம்ப்யூட்டருக்கு வைஃபை கிடையாது, ஒரு சின்ன யுஎஸ்பி வைஃபை குச்சி செருகியிருக்கிறது. பெரிய கோப்பை மெயிலில் அனுப்பும்போதெல்லாம் நீலம். ஈவென்ட் 41-இல் எண் 209. புளூஸ்கிரீன்வியூவில் நான்கு டம்புகள். காஸ்ட் பை டிரைவர் என்ற பத்தியில் மூன்றில் ஆர்டிடபிள்யூஎல்ஏஎன்யூ என்று தொடங்கும் கோப்பு, ஒன்றில் என்டிஓஎஸ்கேஆர்என்எல். பின்னதைக் கண்டு பயப்படக்கூடாது. அது விண்டோஸின் கர்னலே. வேறு யாரோ கெடுத்ததை அது கண்டுபிடித்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று முறை வந்த பெயர்தான் சாட்சி. அது ரியல்டெக் யுஎஸ்பி வைஃபை டிரைவர். குச்சியைப் பிடுங்கிவிட்டு, போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் செய்து இரண்டு நாள் வேலை பார்க்க வேண்டும். நீலம் வரவில்லை என்றால் குற்றவாளி உறுதி. பிறகுதான் டிரைவரை மாற்றும் வேலை.

அடிக்கடி காணும் மற்ற பெயர்கள்: என்விஎல்டிடிஎம்கேஎம் என்றால் என்விடியா, ஏஎம்டிகேஎம்டேக் என்றால் ஏஎம்டி, ஐஜிடிகேஎம்டி என்று தொடங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸ், ஐஏஸ்டோர் என்று தொடங்கினால் இன்டெல் ஸ்டோரேஜ், டேப்0901 என்றால் ஓப்பன்விபிஎன் வகை அடாப்டர். நான்கு டம்பில் நான்கு வேறு வேறு பெயர், எண்ணும் ஒவ்வொரு முறையும் வேறு என்றால், டிரைவரை விட்டுவிட்டு ரேமைச் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸுக்குள்ளேயே போக முடியாதபோது

லாகின் திரை வரை வந்தால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைத் தட்டுங்கள். அது வரைக்கும்கூட வராவிட்டால், விண்டோஸ் ஏறும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை வரும். அங்கே டிரபுள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 சேஃப் மோட், 5 இணையத்தோடு சேஃப் மோட்.

பிட்லாக்கர் பூட்டு உள்ள லேப்டாப்பில் இங்கே 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் முதன்முதலில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பில் அந்தக் கணக்கு பழைய உரிமையாளருடையதாக இருக்கலாம். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே இதைச் சரிபார்த்து, சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

டிரைவரை மாற்றும் முறை

எந்த வேலைக்கும் முன் சிஸ்டம் புரொட்டெக்ஷனில் ஒரு ரிஸ்டோர் பாயின்ட் (கெட்டுப்போனால் திரும்பி வர ஒரு நிலைப்பதிவு) உருவாக்குங்கள். பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே இருக்கும், முதலில் இயக்குங்கள். கரண்ட் போகும் நேரம் நெருங்கும்போது டிரைவர் ஏற்றாதீர்கள். பாதியில் அறுந்த டிரைவர் பழைய கெட்ட டிரைவரை விட மோசம். லேப்டாப் என்றால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் கரண்ட் இப்போதுதான் வந்த நேரமாகப் பாருங்கள்.

சமீபத்தில் புதுப்பித்த பிறகுதான் விழத் தொடங்கியது என்றால் பின்னோக்கிப் போவதே சிறந்தது. சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை இருமுறை தட்டி, டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் டிரைவர். பட்டன் மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு சேமிப்பில் இல்லை.

அப்போது அன்இன்ஸ்டால் டிவைஸ். கேட்கும் கட்டத்தில் டிரைவரையும் நீக்கும் டிக்கைக் கண்டிப்பாகப் போடுங்கள். போடாவிட்டால் ரீஸ்டார்ட் ஆனதும் அதே கெட்ட டிரைவர் வட்டிலிருந்து திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். கிராஃபிக்ஸ் டிரைவருக்கு மட்டும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியைச் சேஃப் மோடில், இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது நல்லது.

விபிஎன் செயலிகளும் பழைய ஆன்டிவைரஸும் நீக்கிய பிறகும் டிரைவரை விட்டுச் செல்வதுண்டு. டிவைஸ் மேனேஜரின் வியூ பட்டியலில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் என்பதை இயக்கி, நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்து பாருங்கள். மங்கலாகத் தெரியும், பெயரே மறந்துபோன விபிஎன் அடாப்டர்கள் அங்கே கிடக்கும். தேவையற்றவற்றை நீக்குங்கள். கைப்பேசி பழுதுபார்க்கும் கடைகளின் கம்ப்யூட்டரில் போன் ஃபிளாஷ் செய்யும் கருவிகளின் யுஎஸ்பி டிரைவர்கள் இப்படியே குவிந்திருக்கும். கையொப்பமில்லாத டிரைவருக்காக விண்டோஸின் சரிபார்ப்பை அணைத்துவைத்திருக்கும் கம்ப்யூட்டரை, கணக்கு எழுதும் வேலைக்கும் பயன்படுத்தாதீர்கள்.

புதிய டிரைவரை எங்கே எடுப்பது? லேப்டாப் என்றால் முதலில் அதைச் செய்த நிறுவனத்தின் தளம். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைக் கொடுத்தால் சரியான பட்டியல் வரும். அடுத்தது விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் அப்டேட்ஸ். மூன்றாவதுதான் சிப் நிறுவனத்தின் தளம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் புதுப்பித்துத் தருகிறோம் என்று சொல்லும் டிரைவர் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். பெயர் ஒத்திருக்கிறது என்று வேறு மாடலின் டிரைவரை ஏற்றிவிடும் ஆபத்து உண்டு. ஒரே நேரத்தில் இருபதை மாற்றினால், சரியானாலும் கெட்டாலும் எதனால் என்று தெரியாது.

சாதனத்தின் பெயரே தெரியாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடிஸைப் பாருங்கள். உள்ளே பொருத்தியவற்றில் வென் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு இலக்கம் நிறுவனத்தைச் சொல்லும்: 8086 இன்டெல், 1002 ஏஎம்டி, 10டிஇ என்விடியா, 10இசி ரியல்டெக்.

எண் 159-க்குக் கூடுதலாக இரண்டு வேலை. கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் கர்னல் முழுதாக மூடாது. உறங்க வைத்து, மறுநாள் அப்படியே எழுப்பும். டிரைவரின் கெட்ட நிலையும் கூடவே எழும். பிறகு வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த அதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

பெயர் சிக்காதபோது: டிரைவர் வெரிஃபையர்

டம்பில் திரும்பத் திரும்பக் கர்னல் பெயர் மட்டும் வந்தால் இதை எடுக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் வெரிஃபையர் என்று தட்டச்சு செய்து, கிரியேட் ஸ்டாண்டர்ட் செட்டிங்ஸ், பிறகு பட்டியலிலிருந்து டிரைவர்களைத் தேர்ந்தெடுக்கும் வழி. புரொவைடர் பத்தியில் மைக்ரோசாஃப்ட் அல்லாதவற்றை மட்டும் குறியுங்கள். ரீஸ்டார்ட் செய்து ஒன்றிரண்டு நாள் வழக்கம்போல வேலை பாருங்கள். தப்பு செய்யும் டிரைவரை விண்டோஸ் அந்த நொடியிலேயே பிடித்து நீலத்திரை காட்டும். எண் 196 வந்தால் டம்பில் பெரும்பாலும் பெயர் தெளிவாக இருக்கும்.

இது வேண்டுமென்றே விழவைக்கும் சோதனை. கம்ப்யூட்டர் மெதுவாகும், சில சமயம் விண்டோஸ் ஏறும்போதே திரும்பத் திரும்ப விழும். அப்போது சேஃப் மோடில் போய் அதே கருவியில் டிலீட் எக்ஸிஸ்டிங் செட்டிங்ஸ் கொடுத்து நிறுத்துங்கள். முக்கியக் கோப்புகளை வெளியே நகலெடுக்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.

காரணம் டிரைவர் அல்ல என்று தோன்றினால்

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஒரு முறை ஓட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று, இரவு முழுக்க. கரண்ட் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு பிழை வந்தாலும் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். தஞ்சான் தண்ணீர்த் திருவிழா வரும் ஏப்ரல் மாத வெயிலில் மட்டும் விழுந்து மழைக்காலத்தில் நன்றாக இருந்தால், மின்விசிறித் தூசியையும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டையும் பாருங்கள்.

திடீர் மின்வெட்டு பல கண்ட கம்ப்யூட்டரில் டிரைவர் கோப்பே வட்டில் சிதைந்திருக்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நௌ என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து ஓட்டுங்கள். இதற்கு இணையம் தேவையில்லை.

சரியான பிறகு

ஏழு நாள் வேறு எதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். முன்பு தினம் இருமுறை விழுந்தது என்றால் இரண்டு நாளிலேயே தெரிந்துவிடும். வாரம் ஒரு முறை விழுந்தது என்றால் மூன்று வாரமாவது பொறுங்கள். விண்டோஸ் அப்டேட் பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவரலாம். அதனால் அதுவரை அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் நோ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு, நன்றாக ஓடும் டிரைவர்கள் அனைத்தையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அதில் ஒரு காலிக் கோப்புறை உருவாக்குங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் பிஎன்பியூடில், இடைவெளி, சாய்கோட்டை ஒட்டி எக்ஸ்போர்ட், ஒரு சிறுகோடு, டிரைவர், இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி, இடைவெளி, அந்தக் கோப்புறையின் முகவரி. ஏற்றியிருக்கும் வெளி நிறுவன டிரைவர்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். அடுத்த முறை விண்டோஸ் மாற்ற நேர்ந்தால் டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர் கொடுத்து அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். மோல்மீனிலோ தட்டோனிலோ மொபைல் டேட்டாவில் பல நூறு எம்பி இறக்கும் செலவு மிச்சம். பென்டிரைவின் மேல் மாடல் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். வேறு மாடலுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.